செயின் கிட் மாற்றணுமா? முதலில் வண்டியின் சத்தத்தைக் கேளுங்கள்

ஒத்தக்கடையில் இருக்கிறது என் பைக் பட்டறை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியக்காலம் மல்லிகை மூட்டையை இறக்கிவிட்டு மேலூர்ப் பக்கம் திரும்புகிற வண்டிகள் வழியில் என்னிடம் நிற்கும். நின்றதும் வருகிற முதல் பேச்சு பெரும்பாலும் இதுதான்: “தம்பி, செயின் போச்சு. புதுசு போட்டு விட்டுரு.” நோயையும் அவர்களே கண்டுபிடித்து, மருந்தையும் அவர்களே எழுதிவிடுகிறார்கள். செயின், இன்ஜின் பக்கத்துச் சின்னப் பல்சக்கரம், பின் சக்கரத்தின் பெரிய பல்சக்கரம் மூன்றும் சேர்ந்ததுதான் செயின் கிட்; பட்டறைப் பேச்சில் சின்னப் பல், பெரிய பல் என்போம். அது ஆயிரம் ரூபாய்க்கு மேல் இழுக்கிற சமாச்சாரம். அதைப் போட்ட பிறகும் அதே சத்தம் வந்தால் திட்டு எனக்குத்தான் விழும். அதனால் சாவியை வாங்கியதும் நடு ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் நாலு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பேன்.

வண்டிக்காரர்கள் என்ன சொல்லிக்கொண்டு வருகிறார்களோ, அதே வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டி எந்தக் குறையைச் சொல்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். கையில் ஒரு ஸ்டீல் டேப், ஒரு டார்ச், ஒரு சாக்பீஸ், பழைய துணி இருந்தால் போதும்.

அதற்கு முன் ஒன்று. இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினில் துணியை வைத்துத் துடைக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. துணி பல்லில் சிக்கினால் விரலும் கூடவே போகும். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும், சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும்.

“ஸ்பீடு பிரேக்கர்ல ஏறினா கடகடங்குது”

செயின் லூசாகிக் கவரில் அடிக்கிறது. இந்தச் சத்தத்துக்குப் புது கிட் தேவைப்படுவது அபூர்வம். இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவே, கீழ்ப்பக்கம் ஓடும் செயினை விரலால் மேலே தள்ளிக் கீழே இழுங்கள். மொத்த ஆட்டம் எவ்வளவு என்று டேப்பில் பாருங்கள். 100, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ.க்குள் இருக்கச் சொல்வார்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது வண்டியோடு வந்த புத்தகத்திலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் பின் ஃபோர்க்கில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். முழுக் கவர் போட்ட வண்டி என்றால் கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழற்றி உள்ளே விரலை விடுங்கள்.

50 மி.மீ. ஆடினால் டைட் வைத்து, எண்ணெய் விட்டு அனுப்பிவிடலாம். சரி, ஆட்டமே இல்லாமல் கம்பி மாதிரி இழுத்து வைத்துவிட்டால் சத்தமே வராதே என்று தோன்றும். அங்கேதான் வினை. நடு ஸ்டாண்டில் நிற்கும்போது பின் சக்கரம் கீழே தொங்குகிறது. நீங்கள் ஏறி உட்கார, பின்னால் இரண்டு பால் கேன் தொங்க, பின் ஃபோர்க் மேலே எழும்பும். சின்னப் பல், ஃபோர்க்கின் கீல், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயினுக்கு அதிகபட்ச நீளம் தேவைப்படும். அந்த நேரம் தளர்ச்சி இல்லையென்றால் இழுபடுவது கியர்பாக்ஸ் பேரிங். செயின் கிட்டைவிடப் பல மடங்கு செலவு அது. லோடு ஏற்றுகிறவர்கள் புத்தகத்தில் சொன்ன அளவின் மேல் எல்லையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

“போன வாரம்தான் டைட் வச்சோம், மறுபடியும் லூஸ்”

இப்படிச் சொன்னால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன். ஒழுங்காக டைட் வைத்த செயின் 500 கிலோமீட்டராவது தாங்க வேண்டும். வாரா வாரம் ஸ்பானர் கேட்டால், உள்ளே தேய்ந்துவிட்டது.

‘செயின் இழுத்துக்கிச்சு’ என்று சொல்கிறோம். இரும்புத் தகடு ரப்பர் மாதிரி இழுபடாது. ஒவ்வொரு கண்ணியின் மூட்டிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், அதற்கு வெளியே உருளுகிற ரோலர். செயின் பல்லில் ஏறி மடங்கும்போதெல்லாம் பின்னும் புஷ்ஷும் உரசுகின்றன. மூட்டுக்கு 0.1 மி.மீ. தேய்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 104 கண்ணிச் செயினில் 104 மூட்டு. மொத்தம் 10.4 மி.மீ., அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளம் கூடிவிட்டது. 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் உருவாக்கிய புஷ் ரோலர் செயினின் அமைப்புதான் இன்றைக்கு உங்கள் வண்டியிலும் ஓடுகிறது. தேய்கிற இடமும் அதே இடம்தான்.

நம் பக்கத்தில் இந்தத் தேய்மானத்துக்குக் குறைவே இல்லை. மேலூர் ரோட்டில் எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள், உதட்டில் நறநறவென்று மண் கடிபடும். அதே மண் செயினில் பூசிய கிரீசோடு சேர்ந்தால் அம்மியில் அரைத்த மாதிரி ஒரு பசை. செயின் நன்றாக இருக்கட்டும் என்று அப்பிய கிரீசே அதை அரைத்துத் தின்றுவிடும்.

அளந்து பார்ப்பது சுலபம். செயின் அளவு அதன் பக்கத் தகட்டில் பொறித்திருக்கும். 428 அளவுச் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவே 12.7 மி.மீ. 20 கண்ணிக்கு 254 மி.மீ. ஒரு பின்னின் இடது ஓரத்தில் சாக்பீசால் கோடு போட்டு, அதை விட்டுவிட்டு அடுத்த பின்னை ஒன்று என்று தொடங்கி இருபது வரை எண்ணுங்கள். இருபதாவது பின்னின் இடது ஓரம் வரை டேப் பிடியுங்கள். செயின் தொய்யாமல் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். 254-ஐ ஒட்டி இருந்தால் செயினில் குறையில்லை. 257 என்றால் காசு சேர்க்கத் தொடங்கலாம். 259-ஐத் தொட்டுவிட்டால் 2 சதவீதம் கூடிவிட்டது, கதை முடிந்தது. 520 அளவுச் செயின் போட்ட பெரிய வண்டிகளில் 20 கண்ணி 317.5 மி.மீ.; அங்கே 1 சதவீதம் கூடி 320-ஐத் தாண்டினாலே நான் மாற்றச் சொல்வேன். புத்தகத்தில் எல்லை அளவு கொடுத்திருந்தால் என் கணக்கை விட்டுவிட்டு அதையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று இடங்களில் அளக்கவும் வேண்டும். செயின் ஒரே சீராகத் தேய்வதில்லை.

டேப் இல்லையா? பெரிய பல்லின் பின்பக்க நடுவில், செயினை விரலால் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். நல்ல செயின் பல்லை விட்டு அசையாது. பாதிப் பல் வெளியே தெரிகிற அளவுக்கு எழும்பி வந்தால் மாற்ற வேண்டியதுதான்.

என் தாய்மாமா ஒருவர் மேலூர்ப் பக்கம் மல்லித் தோட்டம் வைத்திருக்கிறார். ஒரு நாள் பூ மூட்டையோடு வந்து நின்றார்.

“மாப்ள, நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடலடா. நல்ல கம்பெனிச் செயின்தான் வாங்குனேன். அதுக்குள்ள போயிருச்சுங்கற.”

“செயின் மட்டும் வாங்குனீங்களா மாமா, பல்லும் சேர்த்தா?”

“பல்லு நல்லாத்தானடா இருந்துச்சு. அதுக்கு எதுக்குத் தண்டச் செலவு?”

பெரிய பல்லைக் கழற்றி, புதுப் பல் ஒன்றை அதன் மேல் பொருத்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். பல்லின் நுனி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள பள்ளத்தில்தான் வித்தியாசம். புதியதில் ரோலர் கச்சிதமாக உட்காரும் அரைவட்டம். பழையதில் அந்த வட்டம் ஒரு பக்கமாகச் சரிந்து, நகத்தை விட்டு ஆட்டுகிற அளவுக்கு அகன்றிருந்தது. அப்புறம் அவருடைய செயினையும் கடையிலிருந்த புதுச் செயினையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டேன். இரண்டும் 104 கண்ணி. அவருடையது ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் கீழே தொங்கியது. மாமா இரண்டு நுனியையும் பிடித்து மாற்றி மாற்றிப் பார்த்தார். பேசவில்லை.

பழைய பல் புதுச் செயினைத் தன் தேய்ந்த அளவுக்கு இழுத்துக்கொள்ளும். பழைய செயினும் புதுப் பல்லை அப்படித்தான் கெடுக்கும். மூன்றையும் ஒன்றாக மாற்றச் சொல்வது கடைக்காரனின் வியாபாரத் தந்திரம் என்று நினைக்காதீர்கள். பல் ஓடி ஆயிரம் கிலோமீட்டர்தான் ஆகிறது, செயின் மட்டும் அறுந்துவிட்டது என்றால் அது வேறு. அப்போது செயின் மட்டும் போடலாம்.

“ஒரு இடத்துல டைட்டு, ஒரு இடத்துல லூசு”

சக்கரத்தைக் கால் சுற்று சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை அளந்தால் இது தெரியும். ஒரு இடத்தில் 20 மி.மீ., இன்னொரு இடத்தில் 40. குற்றவாளி செயினா, பல்லா என்று கண்டுபிடிக்கச் சாக்பீஸ் போதும். டைட்டாக இருக்கும் நிலையில் பெரிய பல்லின் அடியில் இருக்கும் ஒரு பல்லிலும், அதற்கு நேரே உள்ள கண்ணியிலும் குறி போடுங்கள். மெதுவாகச் சுற்றுங்கள். பல்லின் குறி அடிக்கு வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் டைட் வந்தால், பல்சக்கரம் கோணியிருக்கிறது, இல்லை மையம் விலகி உட்கார்ந்திருக்கிறது. பல்லின் குறி எங்கே நின்றாலும், கண்ணியின் குறி அதே இடத்துக்குத் திரும்பும்போதுதான் டைட் வருகிறது என்றால் செயின். 42 பல்லும் 104 கண்ணியும் உள்ள வண்டியில் கண்ணியின் குறி திரும்பி வரச் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்ற வேண்டும், அதனால் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

ஐப்பசி மழையில் நனைந்து, ஒரு மாதம் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் சில மூட்டுகள் மட்டும் இறுகி, மடித்த மாதிரியே நிற்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கையால் மடக்கி மடக்கி நிமிர்த்தி, கியர் ஆயில் விட்டால் பல நேரம் சரியாகும். மூட்டிலிருந்து செங்கல் பொடி மாதிரி சிவப்புத் தூள் உதிர்ந்தால் முயற்சி வேண்டாம். பின்னும் புஷ்ஷும் காய்ந்து அரைபட்ட தூள் அது.

இப்படிச் செயினை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருந்தால், எப்போதும் டைட்டான இடத்தில் வைத்துத்தான் ஆட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். லூசான இடத்தில் பார்த்து டைட் வைத்தால் மறு இடத்தில் கம்பியாகிவிடும்.

“ஆக்சிலரேட்டர் கொடுத்தா ஒரு வெட்டு வெட்டுது”

செயினை மாற்றி ஏமாந்து போகிறவர்கள் அதிகம் உள்ள இடம் இது. பின் சக்கர ஹப்புக்குள் நாலைந்து டேம்பர் ரப்பர் துண்டுகள் இருக்கும். செயின் இழுப்பது நேரடியாகச் சக்கரத்துக்குப் போகாமல் இந்த ரப்பர் வழியாகப் போகும். ரப்பர் நைந்துபோனால், கொடுக்கும்போது ஒரு இடி, விடும்போது ஒரு இடி. சக்கரத்தை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பெரிய பல்லைப் பிடித்து முன்னும் பின்னும் திருகிப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கித் திரும்பினால் சரி. லொடக்கென்று ஒரு விரல் அகலம் ஓடினால் ரப்பர்தான்.

ரப்பர் செட்டின் விலை செயின் கிட்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சைக்கிள் டியூப்பை வெட்டி இடைவெளியில் செருகும் வைத்தியம் எல்லா ஊரிலும் உண்டு, நானும் செய்திருக்கிறேன். வீடு போய்ச் சேரும்வரை தாங்கும். அதையே வருஷக்கணக்கில் வைத்துக்கொண்டு திரிகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சக்கரத்தைக் கழற்றும் நேரத்தில் ஹப் பேரிங்கையும் விரலை விட்டுச் சுழற்றிப் பாருங்கள். கரகரத்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

“லோடு ஏத்தினா டக்குனு வழுக்குது”

முதலில் கிளட்ச்சா, செயினா என்று பிரிக்க வேண்டும். கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது, அதிர்ச்சி இருக்காது. செயின் பல்லைத் தாண்டினால் காலடியில் ‘டக்’ என்று ஒரு உதை. இரண்டாவது என்றால் சின்னப் பல்லின் மூடியைக் கழற்றுங்கள். 14 பல்லும் 42 பல்லும் உள்ள வண்டியில் பெரியதன் ஒரு பல் ஒரு முறை வேலை செய்யும்போது சின்னதன் ஒரு பல் மூன்று முறை வேலை செய்கிறது. அதனால் முதலில் சாவது சின்னது. ஆனால் மூடிக்குள்ளே கிரீசும் மண்ணும் கட்டியாக அப்பிக் கிடப்பதால் யார் கண்ணிலும் படாது. சுரண்டி எடுத்துப் பாருங்கள். பல்லின் நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்து அரிவாள் மூக்கு மாதிரி வளைந்திருந்தால் வேறு பேச்சே இல்லை, மூன்றையும் மாற்றுங்கள். அந்த வண்டியில் நத்தம் பக்கமோ சிறுமலைக்கோ ஏற வேண்டாம். ஏற்றத்தின் நடுவில் செயின் தாண்டி, கழன்று, சக்கரத்தில் சிக்கினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

மூடியைக் கழற்றிய கையோடு சின்னப் பல்லைத் திருகியும் பாருங்கள். தகடு போட்டு இரண்டு போல்ட்டில் பிடித்திருக்கும் வகையில் உள்ளே வெளியே சற்று நகரும், அது இயல்பு. ஆனால் அது உட்காரும் கியர்பாக்ஸ் தண்டின் மேல் சுற்றுவாக்கில் லொடலொடத்தால் தண்டின் காடிகள் தேய்ந்திருக்கின்றன. அதைப் புது கிட் சரிசெய்யாது.

“செயின் கழண்டு விழுந்துருச்சு”, “அறுந்துருச்சு”

கழன்று விழுந்தால் காரணம் இரண்டு: அளவுக்கு மேல் லூஸ், அல்லது சக்கரம் கோணல். பெரிய பல்லின் பக்கவாட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று உரசியிருந்தால் சக்கரம் நேராக இல்லை. பின் ஃபோர்க்கில் உள்ள கோடுகளை வைத்து இரண்டு பக்கமும் சமமாக வைத்தால் பெரும்பாலும் போதும். விழுந்து அடிபட்ட வண்டியில் அந்தக் கோடுகளை நம்ப முடியாது. ஃபோர்க் கீல் போல்ட்டின் நடுவிலிருந்து ஆக்ஸில் நடுவரை இரண்டு பக்கமும் டேப்பில் அளந்து சமமாக்குங்கள்.

அறுந்தது என்று வருகிற செயின்களில் பலவற்றில் தகடு அறுந்திருக்காது, செயினின் இரண்டு நுனியையும் சேர்க்கும் லாக் தெறித்திருக்கும். தொழில் பழகிய புதிதில் இதை நானே செய்தேன். சித்தப்பா வண்டிக்குச் செயின் மாற்றி, லாக் கிளிப்பைத் திருப்பி மாட்டிவிட்டேன். ஆனைமலை அடிவாரத்தில் நரசிங்கம் போகும் ரோட்டில் கிளிப் தெறித்து, செயின் பாம்பு மாதிரி ரோட்டில் கிடந்தது. மெதுவாகப் போனதால் தப்பினார். இன்றைக்கும் கல்யாண வீட்டில் பார்த்தால் “லாக்கு சரியா மாட்டிட்டியா?” என்றுதான் கேட்பார். கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், பிளவுபட்ட முனை பின்னால் வர வேண்டும். மேல்பக்கச் செயின் முன்னோக்கி ஓடுகிறது, எனவே மேலே வைத்துப் பார்த்தால் மூடிய முனை முன் சக்கரத்தைப் பார்த்திருக்கும்.

“புது கிட் போட்டும் ஊளையிடுது”

அதிக டைட், அல்லது கோணல், அல்லது சக்கர பேரிங். இந்த வரிசையிலேயே பாருங்கள். புதுச் செயினைப் பிழிந்து டைட் வைத்து அனுப்புவது சில பட்டறைகளின் பழக்கம். ‘எப்படியும் லூஸ் ஆகும்’ என்பார்கள். ஆகும்தான், ஆனால் அதற்குள் பேரிங் அடி வாங்கியிருக்கும்.

“கிட் மாத்தினதுலேருந்து மைலேஜ் போச்சு”

உசிலம்பட்டிப் பக்கத்து மச்சான் ஒருவர் இந்தக் குறையோடு வந்தார். டவுனில் ஒரு கடையில் அவரே கிட் வாங்கி, பக்கத்திலேயே மாட்டியிருக்கிறார். 60-இல் போனால் இன்ஜின் கத்துகிறது, பெட்ரோல் குடிக்கிறது, ஆனால் லோடு நன்றாக இழுக்கிறது என்றார். பல்லை எண்ணினேன். பின்னால் 42 சரி. முன்னால் 14 இருக்க வேண்டிய இடத்தில் 13.

ஒரு பல்தானே என்று தோன்றும். 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. அதாவது சின்னப் பல் மூன்று சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 42-ஐ 13-ஆல் வகுத்தால் 3.23. இன்ஜின் 5,000 சுற்றில் ஓடிய வேகத்துக்கு இப்போது ஏறக்குறைய 5,385 சுற்று ஓட வேண்டும். முன்னால் ஒரு பல்லைக் குறைப்பதும் பின்னால் மூன்று பல்லைக் கூட்டுவதும் ஏறத்தாழ ஒன்று. 45-ஐ 14-ஆல் வகுத்தால் 3.21. முன்னால் ஒன்றைக் கூட்டி 15 போட்டால் 2.8 ஆகும், நாலுவழிச் சாலையில் இன்ஜின் அமைதியாக ஓடும், மூட்டையோடு ஏற்றத்தில் கியரைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

‘பிக்கப்’ வேண்டுமென்று சின்னப் பல்லைக் குறைக்கச் சொல்கிற இளவட்டங்கள் வருவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பல் சின்னதாகச் சின்னதாக, செயின் அதைச் சுற்றி மடங்கும் கோணம் கூடும், மூட்டுத் தேய்மானம் வேகமாகும். சில வண்டிகளில் ஃபோர்க்கின் மேல் உள்ள நைலான் பட்டையிலும் உரசும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவிலும் தினமும் வாழைத்தார் இறக்குகிறவர் என்றால் பின்னால் இரண்டு பல் கூட்டிக்கொள்ளட்டும், நியாயம் உண்டு. மற்றவர்கள் கம்பெனி என்ன எண்ணிக்கை கொடுத்ததோ அதையே போடுங்கள். வேகக் கருவிக்கு முன் சக்கரத்திலிருந்து கேபிள் வரும் வண்டியில் பல் மாறினாலும் வேகம் சரியாகக் காட்டும். கியர்பாக்ஸிலிருந்து கணக்கு எடுக்கும் வண்டியில் தப்பாகக் காட்டும்.

மச்சானுக்குக் கிட்டைத் திருப்பித் தரவில்லை கடையில். முன்பல் ஒன்று மட்டும் வாங்கி மாற்றினோம்.

கடையில் என்ன சொல்லி வாங்குவது

வண்டி பெயரை மட்டும் சொன்னால் மச்சான் கதைதான். ஒரே பெயரில் வருஷத்துக்கு வருஷம் பல் எண்ணிக்கையும் கண்ணி எண்ணிக்கையும் மாறியிருக்கும். நாலு விஷயத்தைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: செயின் அளவு, கண்ணி எண்ணிக்கை, முன்பல், பின்பல். முடிந்தால் பழையதையே ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

செயின் அளவு பக்கத் தகட்டிலேயே பொறித்திருக்கும். 428 என்றால் முதல் இலக்கம் 4, ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம் அங்குலத்தில் எட்டில் நாலு பங்கு. பின்னால் வரும் இரண்டு இலக்கம் உள்ளகலம், 428-இல் 7.94 மி.மீ. நம் ஊரின் சின்ன வண்டிகளில் அதிகம் பார்ப்பது இது. 520 என்றால் தூரம் எட்டில் ஐந்து, 15.875 மி.மீ., உள்ளகலம் 6.35. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவே பொருந்தாது. 428-உடன் எச் என்ற எழுத்து சேர்ந்து வந்தால் பக்கத் தகடு தடிமன் கூடியது. பல்லுக்குப் பொருந்தும், ஆனால் சாதாரண 428-இன் லாக் அதற்கு எட்டாது. லாக்கை அந்தச் செயினோடு வந்ததையே போடுங்கள்.

கண்ணி எண்ணும்போது லாக்கையும் சேர்த்து எண்ணுங்கள். இரட்டைப் படையில்தான் வரும். ஒற்றையில் முடிந்தால் தப்பாக எண்ணியிருக்கிறீர்கள். பின்பல்லில் இரண்டைக் கூட்டினால் செயினுக்கு ஏறக்குறைய ஒரு கண்ணி நீளம் தேவைப்படும், அதை அட்ஜஸ்டரிலேயே சமாளித்துவிடலாம். நாலு பல் கூட்டினால் இரண்டு கண்ணி நீளமான செயின் வாங்க வேண்டும்.

ஓ-ரிங் செயின் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மூட்டுக்குள் கிரீசை அடைத்து ரப்பர் வளையம் போட்டு மூடியிருப்பார்கள். மண் உள்ளே போகாது, நெடுநாள் உழைக்கும், விலையும் அதிகம். கம்பெனியிலேயே அதைப் போட்டு வந்த வண்டிக்கு அதையே வாங்குங்கள். சின்ன வண்டிக்கு ஆசைப்பட்டுப் போட்டால் செயின் அகலம் கூடிக் கவரில் உரசும். முழுக் கவர் உள்ள வண்டிக்கு அந்தக் கவரே பாதிப் பாதுகாப்பு. கவர் அசிங்கமாக இருக்கிறது என்று கழற்றி எறிந்தவர்களின் செயின்தான் என் பட்டறைக்குச் சீக்கிரம் வருகிறது. பின்னால் உட்காருபவரின் சேலையும் மாமாக்களின் வேட்டியும் வேறு இருக்கிறது.

பிராண்ட் என்று கேட்டால், கோயம்புத்தூர் எல்ஜி பாலகிருஷ்ணன் கம்பெனியின் ரோலான், சென்னை டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் டயமண்ட், வண்டிக் கம்பெனியின் சொந்தப் பெட்டி என்று நல்லவை நம் மாநிலத்திலேயே கிடைக்கின்றன. பிராண்டைவிடப் போலி பெட்டிக்குத்தான் நான் பயப்படுவேன். சின்னப் பல்லின் பக்கத்தில் ஒரு சிறு அரத்தை வைத்து இழுத்தால், கடினமாக்கிய பல்லில் அரம் வழுக்கும். மட்டமான பல்லில் கடித்துக்கொண்டு கோடு விழும். காசு கொடுப்பதற்கு முன் கடைக்காரர் முன்னால் இதைச் செய்தால் முறைப்பார். வாங்கியபின் செய்தால் மாற்றித் தர மாட்டார். பழக்கமான கடை ஒன்று வைத்துக்கொள்வது நல்லது என்று இதற்குத்தான் சொல்கிறேன்.

மாட்டிய பிறகு

புதுச் செயினில் ஒட்டியிருக்கும் கொழகொழப்பு கம்பெனியில் போட்ட எண்ணெய். பெட்ரோல் ஊற்றிக் கழுவி விடாதீர்கள். 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, வண்டி ஓடி வந்த சூட்டில், கீழ்ச் செயினின் உள்பக்கத்தில் 90 நம்பர் கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட வேண்டும். இன்ஜினில் இருந்து இறக்கிய கறுப்பு ஆயிலை ஊற்றுவது மிச்சம் பிடிப்பது போலத் தெரியும். அதில் உலோகத் தூளும் கரியும் கலந்திருக்கிறது. ஓ-ரிங் செயினைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், வாட்டர் வாஷில் துப்பாக்கியை அதன் மேல் நேராகப் பிடிக்கவும் விடாதீர்கள், வளையம் கிழிந்துவிடும்.

புது கிட் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்றுத் தளரும். பயப்பட வேண்டாம், பல்லும் ரோலரும் ஒன்றோடொன்று படிகிற தளர்ச்சி அது. ஒரு முறை டைட் வைத்தால் அப்புறம் நிற்கும். ஆக்ஸில் நட்டுக்குக் காட்டர் பின் இருந்தால் பழையதை நிமிர்த்தி மறுபடி மாட்டாமல் புதிதாகப் போடுங்கள்.

மாமா 400 கிலோமீட்டரில் வந்தார், இந்த முறை மூன்றையும் மாற்றியிருந்தோம். ஆட்டம் 25-லிருந்து 31 ஆகியிருந்தது. இரண்டு பக்கமும் அரைச் சுற்று வைத்தேன். சீட்டில் ஒட்டிக் கிடந்த நாலு மல்லிகை மொட்டைத் தட்டிவிட்டுக் கிளம்பினார்.